அகழியில் விழுந்த கற்கள்

கோட்டைக்கு வெளியே எதிரிகள் நிறுத்தியிருந்த, கல்லெறியும் பழைய மரக் கவணை நாற்பது பேர் கயிறு பிடித்து இழுத்தார்கள். அத்தனை பேரும் வயலில் பிடிபட்ட எங்கள் ஊர்க்காரர்கள். நல்லக்காளின் புருஷன் வீரணனும் அதில் ஒருவன். அவர்கள் எறிந்த கற்கள் பெரும்பாலும் மதிலை எட்டாமல் அகழியில் விழுந்தன. எதிரிக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்று நாங்கள் சிரித்தோம். மதில் மேல் நின்ற நல்லக்காள் மட்டும் தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் சொல்வாள்: "கயித்தத் தளத்திப் புடிக்கிறாக. அவுக உசுரோட இருக்காக."

பதினோராம் நாள் புதுக் கவண் வந்தது. அதன் முதல் கல் நெல் களஞ்சியத்தின் கூரையைப் பிளந்தது. ஒரு பானை சோறு வேகும் நேரம் கழித்து, இரண்டாவது கல் அதே ஓட்டைக்குள் விழுந்தது.

"இத எத்தன பேரு இழுக்குறாக அண்ணே?" என்று நல்லக்காள் காவல்காரர் இருளப்பரிடம் கேட்டாள்.

"ஒருத்தரும் இழுக்க வேணாம் தாயி. பின்னால பெரிய பெட்டி தொங்குது. அது கீழ இறங்குனா கல்லு தன்னால மேல போகும்."

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"பாரந்தான். மண்ணு, கல்லு, கையில கெடச்சது." இருளப்பர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய கவணின் நாற்பது கயிறுகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஆட்கள் இல்லை.

மூன்றாவது கல் எங்கள் தலைக்கு மேலே போனபோது எல்லோரும் களஞ்சியத்தைத் திரும்பிப் பார்த்தோம். நல்லக்காள் அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அசையவே இல்லை.