மாமியாரும் வெறும் கண்ணாடியும்

கொழுப்புத் தீனி தின்று வளர்ந்த எலிகளின் ஈரலை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அதைப் படமெடுத்து, செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு, அழற்சி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஓர் எண் சொல்லும். கண்ணுக்கே தெரியாத குறையைக் கண்டுபிடிப்பதால் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தோம்.

தினமும் முதலில் வெறும் கண்ணாடியைக் காட்டுவேன். பூஜ்யம் வர வேண்டும். அன்று மூன்று வந்தது. வேறு கண்ணாடி மாற்றினேன். அதற்கும் மூன்றுதான்.

"பூஜ்யம்னு போட்டுட்டு வேலையப் பாரும்மா" என்றார் ஆய்வகத்தை நடத்தும் டாக்டர்.

"மாட்டேன் சார். இதை மாத்தினா, எலிக்கு வர்ற எண்ணை யார் நம்புவா?"

மதியம் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே மறுபடி வெறும் கண்ணாடியைக் காட்டினேன். நாலு. பாக்கெட்டை மடித்து வைத்தேன். மூன்று. இன்னொன்றைக் கடித்தேன். நாலு.

பின்னால் நின்ற டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஈரக்குலையே நடுங்குது. அதை அணைச்சிடு."

"அது காட்டுறது என் ஈரலைத்தானே சார். எனக்கு நடுங்கலையே. வீட்ல ஒரு மாமியாரோட குப்பை கொட்டுறவ நான். இது என்ன பெரிய பிஸ்தாவா?"

மிச்ச வறுவலை மொத்தமாக வாயில் கொட்டி, திரையை நேருக்கு நேர் பார்த்து மென்றேன்.

எண் ஏறவில்லை. திரையில் அசையாமல் நின்ற அந்த வெற்றுப் படம்தான், மாமியாருக்கே ஈரக்குலை நடுங்கியதுபோல, ஓரத்திலிருந்து மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

நான் மெல்வதை நிறுத்தவில்லை.