ஜட்ஜம்மாவும் நீல மீன்களும்

வண்ண மீன் கடையில் அப்பா காட்டிய நாலாவது மீனையும் மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"இதுக்கு என்னம்மா குறை?"

"மஞ்சள். நம்ம தொட்டியில ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருக்கு. ஒரே கலர்ல இன்னொண்ணு வந்தா அடிச்சுக்கும்."

முதல் மீன் பாசி தின்கிற ரகமாம். வீட்டில் இருப்பவை புழு தின்பவை, தீனி ஒத்துவராது. இரண்டாவது வளர்ந்தால் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். மூன்றாவதின் முழியே சரியில்லை. பதின்மூன்று வயதுதான். எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்று தீர்ப்புச் சொல்வதால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர்.

அப்பாவுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறடித் தொட்டியும் அதிலிருக்கும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களும் அவர் மனைவி ஆசைப்பட்டு வைத்தவை. பார்க்க அழகு, குணத்தில் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகள். அவள் இறந்து மூன்று வருடமாகிறது. மீன்களில் பாதி செத்துவிட்டன. கற்கள் மட்டும் அவள் அடுக்கியபடியே இருக்கின்றன. தொட்டியைக் கழுவும்போதுகூட ஒரு கல்லை நகர்த்த மகள் விட்டதில்லை.

நாளைக்கு அந்த வீட்டுக்கு இன்னொருத்தி வருகிறாள். அவளும் கணவனை இழந்தவள். ஏழு வயதில் ஒரு பெண். போன வாரம் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து முடிந்தது. அந்தக் குழந்தைக்கு மீன் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, புதிதாக இரண்டு வாங்கலாமா என்று அப்பா மகளைக் கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

இங்கே வந்தால் எல்லாமே ஆகாது, ஒத்துவராது. மீனைத்தான் சொல்கிறாளா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

அதற்குள் அவருடைய அக்கா போனில் கூப்பிட்டார். வீட்டை ஒழுங்குபடுத்த உதவிக்கு வந்திருப்பவர். அப்பா வெளியே போய்ப் பேசினார். மகளின் முகமே சரியில்லை, வருகிறவள் பாவம் என்று அக்கா கால் மணி நேரம் சொன்னார்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், கடைக்காரர் மேஜை மேலிருந்த தீனி டப்பாக்களை அங்கும் இங்கும் நகர்த்தி அவளுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போனபோது அவள் கையில் பை, பைக்குள் இரண்டு நீல மீன்கள்.

ஆனால் அவற்றை அன்று தொட்டியில் விடவில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றிக் காற்றுக்குழாயைப் போட்டு வைத்தாள். கேட்டதற்கு, "நாளைக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவர்களை அழைத்து வர அப்பா வேன் பிடித்தார்.

"நான் வரலப்பா. வேலை இருக்கு."

அவர் வற்புறுத்தவில்லை. மனசு மட்டும் விட்டுப்போயிற்று.

சாமான்களை ஏற்றிக்கொண்டு பாதி வழி வந்திருப்பார்கள். அக்காவிடமிருந்து போன். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்திருந்தது.

"உன் பொண்ணு வீட்டையே தலைகீழா புரட்டிப் போட்டிருக்காடா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. இப்ப அவங்களைக் கூட்டிட்டு வராதே."

அக்காவின் குரல் போனுக்கு வெளியேயும் நன்றாகக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மடியில் தூங்கும் குழந்தையின் தலையைத் தடவினாள். "வேணும்னா நாங்க இன்னொரு நாள் வர்றோம்" என்றாள். இன்று திரும்பிப் போனால் இவள் இனி வரமாட்டாள் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. வேனைப் போகச் சொன்னார்.

அக்கா சொன்னதில் பொய் இல்லை. சுவரோரம் இருந்த சோபா ஜன்னல் பக்கம் போயிருந்தது. கால்களுக்கு அடியில் பழைய துண்டுகளை வைத்து இழுத்திருக்கிறாள். துண்டுகள் இன்னும் அங்கேயே கிடந்தன. சாப்பாட்டு மேஜை திசை மாறி நின்றது. அவளுடைய அறையில் கட்டில் எதிர்ச்சுவருக்குப் போய், அலமாரியில் பாதி காலி.

அப்பா தொட்டியைப் பார்த்தார். இடது மூலையில் மனைவி அடுக்கிய கல் வளைவைக் காணோம். ஒரு கல்கூடப் பழைய இடத்தில் இல்லை. பக்கத்து வாளியில் நீல மீன்கள் இன்னும் காத்திருந்தன.

"அது அம்மா வெச்ச கல்லும்மா." கோபமாகத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே" என்றார் அக்கா. வந்தவள் குழந்தையின் கையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜட்ஜம்மாவின் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

"கடைக்காரர் சொன்னார்ப்பா. புது மீன் விடறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் இடம் மாத்தணுமாம். இல்லன்னா பழசு எல்லாம் இது என் இடம், இது என் மூலைன்னு சொந்தம் கொண்டாடிப் புதுசைக் கடிச்சே கொன்னுடுமாம். மாத்திட்டா எல்லாத்துக்குமே அது புது வீடு."

"சரி, அது மீனுக்கு. சோபாவையும் கட்டிலையும் எதுக்கு மாத்தினே?"

அவள் வாசலுக்குப் போய்க் குழந்தையின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நானும் பழைய மீன்தானேப்பா. கடிச்சிடக் கூடாதில்ல."