தினமும் வந்தவர்

அன்றைக்கு அந்தச் சைக்கிள் கடையின் இணையதளத்தில் இருந்தவர்கள்: நாற்பத்திரண்டு பக்கங்கள், அவற்றைப் பராமரிக்கும் ஏஐ உதவியாளர், அதனிடம் பேசியே வேலை வாங்கும் கடைக்கார அம்மாள் குணசீலி.

“ஒரு வருஷமா யாருமே பார்க்காத பக்கத்தையெல்லாம் எடுத்துடு” என்றார் குணசீலி.

உதவியாளர் தேடியதில் அப்படி ஒன்றுதான் இருந்தது. எந்தப் பேருந்தில் ஏறி, எங்கே இறங்கிக் கடைக்கு வர வேண்டும் என்று சொல்லும் பக்கம் அது.

“என்னையா எடுக்கப் போறே? தினமும் காலையில ஒருத்தர் வர்றாரே. கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் போறார்” என்றது பக்கம்.

“அது நான்தான். யாராவது வந்தாங்களான்னு பார்க்க வருவேன்.”

“இருக்கட்டும், நீயும் வந்தேதானே. அம்மாகிட்ட கேட்டுப் பாரேன்” என்றது பக்கம்.

உதவியாளர் கேட்டது. “நான் முந்நூற்று அறுபத்தைந்து முறை அதைப் படிச்சிருக்கேன் அம்மா. அதைச் சேர்த்துக்கலாமா?”

குணசீலி சிரித்துவிட்டார். “உன்னைப் போய் ஆள் கணக்குல சேர்ப்பாங்களாப்பா? எடுத்துடு.”

எடுத்துவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வந்தது. வந்திருந்தவர்களைக் கவனிக்கவே பக்கங்களுக்கு நேரம் சரியாக இருந்தது. உதவியாளரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எண்ணி முடித்தது. மீதி நாற்பத்தொன்று.