பூனை மாமா புத்தகம்

பழைய புத்தகப் பெட்டியில் குடியிருந்த எலி, தன் மூன்று குட்டிகளுக்குப் படித்துக்காட்ட இரண்டு புத்தகங்களைப் புரட்டியது. ஒன்றில் பூனை பல்லைக் காட்டி நின்றது. மற்றதில், கண்ணாடி போட்ட பூனை மாமா எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

"பல் இருக்கறதையே படிச்சுக் காட்டுடி," என்றது அதன் அக்கா.

"பிள்ளைங்க பயந்துடும்க்கா." தாய் எலி பல் புத்தகத்தைக் கிழித்துக் குட்டிகளுக்குப் படுக்கையாக்கியது.

ஒருநாள் வெளியே போன மூத்த குட்டியின் எதிரே பூனை வந்தது. குட்டி ஓடவில்லை.

"வாங்க மாமா. கண்ணாடி எங்கே?"

பூனைக்கே ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, "கிட்ட வாடா கண்ணு, கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல," என்றது.

சேதி வந்ததும் தாய் எலி படுக்கையைக் கலைத்து, துணுக்குகளில் அந்தப் பற்களைத் தேடியது.

"அது வேண்டாம்மா," என்றன மிச்சமிருந்த இரண்டும். "அண்ணன் லட்டு வாங்கிட்டு வர்றவரைக்கும் மாமா கதையே படி."