வெளிறிய இடங்கள்

"என்ட தங்கச்சிய இவன் அடிச்சித்தான் கொன்னவன் டொக்டர்! மூஞ்சியெல்லாம் கறுத்துக் கிடக்கு. இதப் பாத்திட்டும் ஜனாஸாவ இவன்ட கையில குடுக்கச் சொல்றீங்களா?"

முனாப் மேசையில் ஓங்கிக் குத்தினார். விழப்போன தேநீர்க் கோப்பையைப் பிடித்து ஓரமாக வைத்தார் சட்ட வைத்திய அதிகாரி அஞ்சலினா. பத்து வருடமாகப் பிணவறைப் பக்கத்து அறையில் இப்படி எத்தனையோ குத்துகளைப் பார்த்துவிட்டார். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சுவரோரக் கதிரையில் வாயே திறக்காமல் இருந்த பாயிஸை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

பாயிஸ் கிண்ணியாவில் மீன் லொறி ஓட்டுகிறவன். இரவுப் பயணம் முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஸல்ஹா கட்டிலில் மல்லாந்து இறந்து கிடந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னான். அடக்கத்துக்கு முன் ஜனாஸாவைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் அவள் முகத்தையும் கால்களையும் பார்த்து வெலவெலத்துப்போய் அண்ணன் முனாபைக் கூப்பிட்டார்கள். அவர் நேரே பொலிஸுக்குப் போய்விட்டார். மாலை அஸர் தொழுகைக்கு முன்னர் அடக்கம் செய்ய இருந்த உடல், பரிசோதனை முடிந்து இப்போது உள்ளே கிடந்தது.

"இருங்கோ. அது அடியில்லை" என்றார் அஞ்சலினா. "அடிபட்ட கண்டல் எண்டால் ரத்தம் தசைக்குள்ள ஊறிக் கிடக்கும். நாள் போகப் போக நீலம், பச்சை, மஞ்சள் எண்டு நிறமும் மாறும். இது வேற. இதயம் நிண்டாப் பிறகு, கோப்பியில மண்டி இறங்கிற மாதிரி ரத்தம் உடம்பின்ர கீழ்ப்பக்கத்துக்கு இறங்கித் தேங்கும். அந்தக் கறுப்புத்தான் நீங்கள் கண்டது."

"அப்ப முப்பத்திநாலு வயசில எப்பிடி மௌத்தானவள்?"

"இடது கால் வீங்கியிருந்தது. அந்தக் காலுக்குள்ள ரத்தம் கட்டிப்பட்டு, கட்டி நுரையீரலுக்கு ஏறி அடைச்சிருக்கு. உயிர் போக அஞ்சு நிமிசமும் எடுத்திருக்காது."

முனாபின் கோபம் தணியவில்லை. இடம்தான் மாறியது. "கால் நோகுது எண்டு என்னோட போன்ல அழுதவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இவனுக்கு நேரமில்ல!"

அஞ்சலினா பாயிஸின் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்னட்டச் சொன்னது பொய். மல்லாந்து கிடந்தவ எண்டால் முதுகு கறுத்திருக்க வேணும். முதுகு வெள்ளையா இருக்கு. அவ ராமுழுக்கக் குப்புற, காலை மடிச்சபடி கிடந்திருக்கிறா. உயிர் போனது நேற்றுப் பொழுதுபட்ட கையோட, மஹ்ரிப் நேரமளவில. நீங்கள் ஏழு மணிக்குத்தானே லொறியில ஏறினீங்கள்?"



"காலை மடிச்சா?" முனாப் எழுந்துவிட்டார். "மீன் பெட்டிக்குள்ள அடைச்சி வெச்சிருந்தானா? வெளியில பொலிஸ் நிக்குது, கூப்பிடுங்க டொக்டர். கபுறடிக்கு இவன் வரப்படாது. ஒரு பிடி மண் போடவும் விடமாட்டன்!"

அந்தச் சொல்லுக்குத்தான் பாயிஸ் அசைந்தான். "மச்சான், என்னை ஜெயில்ல போடுங்க. மண் போட மட்டும் விடுங்க."

அஞ்சலினாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தை அறிக்கையில் எழுத முடியாதே. "பாயிஸ், இயற்கை மரணம் எண்டு நான் எழுதினாலும், உடம்பை ஏன் இடம் மாத்தினது எண்டு பொலிஸ் கேக்கும். நீங்கள் கதைக்காட்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லிப் பரிசோதனைக் கோப்பைத் திறந்தார். "கறுப்புக்கு நடுவில வெளிறின இடங்களும் இருக்கு. நிலத்தில அழுந்திக் கிடந்த இடத்தில ரத்தம் தேங்காது. நெற்றி, மூக்கு நுனி, ரெண்டு உள்ளங்கை, ரெண்டு முழங்கால், ரெண்டு கால் விரல்களின்ர நுனி. ஒரு ஆளை இப்பிடி எந்தப் பெட்டிக்குள்ள வைக்கலாம் எண்டு எனக்கே விளங்கல்லை."

அடுத்த வசவுக்கு வாயைத் திறந்த முனாப் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"திருப்பி வாசிங்க டொக்டர்."

அஞ்சலினா திருப்பி வாசித்தார். முனாப் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு நேரமும் குதித்த மனிதருக்குத் திடீரென்று என்ன வந்தது என்று அஞ்சலினாவுக்கு விளங்கவில்லை.

"கட்டில்ல கிடத்தினது நான்தான்" என்றான் பாயிஸ். "எப்ப இருந்து அப்பிடி இருந்தவள் எண்டு ஆக்கள் கேட்டா என்ன சொல்ற எண்டு பயந்திட்டன்."

"எப்பிடி இருந்தவ?"

"நேத்துப் பின்னேரம் அந்தக் கால் விசயத்தில எங்களுக்குள்ள வாய்ச்சண்டை. பள்ளியில மஹ்ரிப் தொழுதிட்டு வந்து, நாளைக்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு சொல்லத்தான் அறை வாசல்ல நிண்டனான். அவள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில தொழுதுகொண்டிருந்தாள், ஸுஜூதில, நெத்தியும் ரெண்டு உள்ளங்கையும் நிலத்தில. லொறியில ஹோர்ன் அடிச்சாங்க. தொழுகையில இருக்கிற ஆளைக் குழப்பப்படாது எண்டு கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போனனான். விடிய வந்து திறந்தா, அவள் இன்னும் நெத்திய எடுக்கல்ல டொக்டர்."