சமுத்திரம் ஏரியில் நாலு கப்பல்

வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் மணிவேல் அன்று காலை தருமன் டீக்கடைக்கு வந்தார்.

முடிவு அவருடையது அல்ல. மனைவி தங்கம்மாளுடையது.

மகள் பூஜாவுக்கு வந்திருக்கும் வரன் வளவன், கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்க்கிறவன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள் யாராவது தெரு டீக்கடையில் வந்து உட்கார்ந்து, யாரென்று சொல்லிக்கொள்ளாமல் பெண் வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள். வேங்கிக்காலில் பாதிக் கல்யாணம் டீக்கடையிலேயே நிச்சயமாகிவிடும். மீதிப் பாதி அங்கேயே முறிந்தும் போகும்.

"இன்னைக்கு யாருனா வருவாங்களாம், ஒரு நாளாச்சும் அந்தக் கப்பலைப் பத்திப் பேசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்று தங்கம்மாள் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. நீர்மூழ்கிக்குக் கொட்டும் கோடிகளைக் கிண்டலடிப்பது அவருடைய தினப்படிப் பழக்கம். மணிவேல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது. போன வருஷம் ஒரு பாங்க் மாப்பிள்ளை அமைந்தான். மணிவேல் இதே பெஞ்சில் உட்கார்ந்து பாங்குக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தது பையனின் தாய்மாமன். அதோடு சரி.

பூஜா அப்போதும் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இந்த வளவனின் போட்டோவை அவள் இரண்டாவது முறையும் எடுத்துப் பார்த்ததை மணிவேல் கவனித்துவிட்டார். அதுதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது.

கட்டிப்போட்ட நாளாகப் பார்த்துப் பேப்பரில் முதல் பக்கத்திலேயே கப்பல். கடற்படைக்குப் புதிதாக நீர்மூழ்கிகள், பல்லாயிரம் கோடி. மணிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பேப்பரைக் கவிழ்த்து வைத்தார்.

அதை எடுத்துப் புரட்டியது ஒரு புது ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கிரிவலம் வந்தவர் மாதிரித் தெரியவில்லை. டீயை வாங்கிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்தார். மணிவேலுக்குப் புரிந்துவிட்டது.

"இவ்ளோ கோடி குடுத்து வாங்கறாங்களே, யாருனா கண்ணால பார்த்தாங்களா?" என்றார் அந்த ஆள், பொதுவாக. "கேட்டா தண்ணிக்குள்ள இருக்குதுன்றான். சமுத்திரம் ஏரியில எனக்கு நாலு கப்பல் கிடக்குதுன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

மணிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமுத்திரம் ஏரி அவருடைய வசனம். கடலைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் சமுத்திரம் என்று ஓர் ஏரி இருப்பதே தன் வசனத்துக்காகத்தான் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது தன் சட்டையை வேறொருத்தன் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பது போலிருந்தது.

ஆனாலும் அவர் ஏமாறத் தயாராயில்லை. ஆள் வாயைக் கிளறுகிறான். ஆமாம் போட்டால் பூஜா கல்யாணம் போச்சு. சும்மா இருந்தாலும் ஆமாம் போட்ட மாதிரிதான்.

மணிவேல் எழுந்து நின்றார். பிறந்ததிலிருந்து முதன்முறையாக அரசாங்கத்தின் பக்கம் பேசினார்.

"என்னங்க பேசறீங்க? நம்ம கோயில் கதை தெரியாதா? சாமிக்கு அடி எது, முடி எதுன்னு தேடிப் போனாங்களே, அன்னமா மேல பறந்தவருதான் முடியைப் பார்த்தேன்னு பொய் சொன்னாரு. பன்னி ரூபத்துல கீழ போனவரு யார் கண்ணுலயும் படலை. ஆனா திரும்பி வந்து உண்மையைச் சொன்னாரு. கீழ போறவனை நம்பணுங்க!"

தருமன் ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸுக்கு வெளியே விழுந்தது. அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பால் எடுக்கப் பின்பக்கம் போனான்.

மணிவேலுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. தங்கம்மாள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வந்தவர் டீயைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"நம்பறேங்க. மேல வர்ற வரைக்கும் மனசு தாங்கணுமே. என் பையன் வளவன் அதுலதான் போறான். உள்ள போயிட்டான்னா மாசக்கணக்குல போன் கிடையாது. புள்ளையைத் திட்ட முடியுமா? கப்பலைத் திட்டறேன்."

நாளைக்குப் பூஜாவும் இப்படித்தானே வராத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று மணிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வீட்ல நான் வாயைத் திறந்தாலே நாட்டுக்காகன்னு சொல்லி அடக்கிடறாங்க," என்றார் வளவனின் அப்பா. "இந்தத் தெருவுல மணிவேல்னு ஒரு கண்டக்டர் இருக்காராம். அவங்க பொண்ணைத்தான் பார்த்திருக்கோம். அவருக்கு இந்தக் கப்பலைக் கண்டாலே ஆகாதாம். ஏரிக் கதையே அவரு சொன்னதுதானாம், கீழ்பென்னாத்தூர் பஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. சம்பந்தின்னா இப்படி ஒரு ஆளு வேணும்னுதான் நேர்ல பார்க்க வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க, அவரும் உங்களை மாதிரி ஆளா இருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு எப்ப வருவாருங்க?"

மணிவேல் தன் வீட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"சாயந்திரம்தாங்க வருவாரு."

"பரவால்லைங்க, இருந்தே பார்த்துட்டுப் போறேன்." அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மாஸ்டர், இன்னொரு டீ."

பால் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்த தருமன் கிளாஸை எடுத்துக் கழுவினான்.

"மணிவேலண்ணா, உங்களுக்கும் ஒண்ணு போடட்டா?"