பாராமுகம் எண்டு எழுதுங்கோ

சனிக்கிழமை காலை. குருநகர்ப் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறையில் மத்தியஸ்த சபை கூடியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிபட இருக்கிற எமில்டா, இடக்கைக் காயக்கட்டின் நூலை உருவுகிறாள், விடுகிறாள், மறுபடி உருவுகிறாள். பக்கத்தில் புருஷன் றெஜினோல்ட், மதிலுக்கு அப்பால் காயும் வலையில் குந்திக் குந்தி எழும்பும் காகத்தைப் பார்த்தபடி இருக்கிறான். மேலே மின்விசிறி கடகடக்கிறது. "அடிக்கிறவரோ, பிள்ளை?" என்கிறார் படிவம் நிரப்புகிற பெரியவர். "இல்லை ஐயா." "குடி?" "அதுவும் இல்லை." "வேறை பொம்பிளை?" "சீ, அப்பிடி ஒண்டுமில்லை." "அப்ப பிரியிறதுக்கு என்ன காரணமெண்டு எழுதிறது?" "பாராமுகம் எண்டு எழுதுங்கோ." பேனை நிற்கிறது. "உதெல்லாம் ஒரு காரணமே, பிள்ளை? எல்லா வீட்டிலையும் உள்ளதுதானே." நூல் அவள் விரலில் இறுகிச் சிவக்கிறது. கையில் சுடுகஞ்சி கொட்டி இன்றைக்கு ஒன்பதாம் நாள். பெரியவரின் கண் அந்தக் கைக்கட்டின் மேல் விழுகிறது. அவர் றெஜினோல்ட்டிடம் திரும்புகிறார். "தம்பி, இவவின்ரை கைக்கு என்ன நடந்தது?" காகம் பறந்து போகிறது. றெஜினோல்ட் மெல்லத் திரும்பி, கோபமும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் கேட்கிறான்: "எந்தக் கைக்கு?" பெரியவர் குனிந்து அவள் சொன்ன அந்தச் சொல்லை எழுதுகிறார்.